படத்தில் உள்ளபடி

முத்துமீனா வருடத்தில் ஒரு நாள் அரசாங்கச் சொத்து. மற்ற நாட்களில் அவளை ஒருவரும் சீண்டுவதில்லை. புரட்டாசி பிறந்துவிட்டால் போதும், மதுரைத் தல்லாகுளத்தில் இருக்கும் நீர்நிலை விழிப்புணர்வு வாரியத்தின் ஜீப் இரட்டைமடைக்கு வந்து அவள் வீட்டு வாசலில் நிற்கும். ஒரு பச்சைச் சேலையும் ஒரு ஊதாப் பிளாஸ்டிக் குடமும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். விழா முடிந்ததும் சேலையைத் துவைத்து, குடத்தோடு திருப்பித் தந்துவிட வேண்டும். கண்மாய் தினத்தன்று அவள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கரையில் சாயக்குழாய்க்கு இடப்பக்கம் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் நிற்பாள். வாயைத் திறந்தபடி நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்தத் தினம் வந்த வரலாற்றை வாரியம் வழவழத்தாளில் அச்சடித்து எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பியிருக்கிறது. அதில் பாதி பொய், மீதி வாழ்த்துச் செய்தி. நடந்தது இவ்வளவுதான்.

திருநகரைத் தாண்டித் திருமங்கலம் சாலையில் இருந்து மேற்கே பிரியும் ஊர் இரட்டைமடை. அந்த ஊர்க் கண்மாயின் மேல்கரையில் ஒரு சாயப்பட்டறை வந்தது. வந்த வேகத்தில் ஒரு குழாயைப் போட்டுக் கழிவைக் கண்மாய்க்குள் விட்டது. மீன் செத்தது, வயல் செத்தது, பிறகு கிணறும் நாறிப்போனது. அந்தச் சமயத்தில் மதுரை மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் ஓவிய ஆசிரியர் ஞானசீலன், மாணவர்களை முகாமுக்கு அழைத்து வந்தார். பையன்களை முள் வெட்ட விட்டுவிட்டு, அவர் மட்டும் கரையில் உட்கார்ந்து குழாயை வரைந்துகொண்டிருந்தார். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த முத்துமீனா, நல்ல தண்ணீருக்காக அலைந்துவிட்டு வெறுங்குடத்தோடு அந்த வழியாக வந்தாள். பட்டறைக்காரன்தான் நிலத்தை அளக்க ஆள் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவள் நின்று வைத வசவில் முக்கால்வாசியை எழுத முடியாது. "படம் போட வந்துட்டாக, படம்! அந்தக் குழாயைப் போயி அடைங்கடா கண்ணு அவிஞ்சவங்களா" என்பது எழுதக்கூடிய பகுதி.

ஞானசீலன் நேர்மையான மனிதர். கண்ணில் பட்டதை எல்லாம் வரைந்தார். குழாய், பழுப்பு நுரை, செத்த மீன், திறந்த வாயோடு ஒரு பெண். இதைப் பார்த்து எவனாவது வெட்கப்பட்டுக் குழாயை அடைப்பான் என்று நம்பித்தான் வரைந்தார். வெட்கப்பட ஆள் கிடைக்கவில்லை. பரிசு கொடுக்கத்தான் ஆள் கிடைத்தது. மரத்துக்கும் கடலுக்கும் சிட்டுக்குருவிக்கும்கூடத் தினம் இருந்த நாட்டில் கண்மாய்க்கு ஒரு தினம் இல்லையே என்று யாரோ மேலிடத்தில் கவலைப்பட்டிருந்த நேரம் அது. பரிசுபெற்ற படம் நினைவோவியம் ஆனது. தினம் பிறந்தது. தினத்தை நடத்த வாரியம் பிறந்தது. வாரியத்துக்கு விதிகள் பிறந்தன. 'நினைவோவியமும் நிகழ்விடமும் ஒன்றுக்கொன்று மாறுபடாமல் பேணப்பட வேண்டும்' என்று அதில் ஒரு விதி. எழுதியவர் எதை நினைத்து எழுதினாரோ, பணி ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

முதல் வருடம் முத்துமீனா ஆசையோடுதான் போய் நின்றாள். இத்தனை கார் வந்திருக்கிறதே, இன்றோடு குழாய் ஒழிந்தது என்று நினைத்தாள். அடுத்த வருடமும் நினைத்தாள். பிறகு குழாயை அடைக்கக் கோரி மனு கொடுத்தாள். மனு கொடுத்தது மேடையில் பார்ப்பதற்கு அழகாக இருந்ததால், 'மனு அளித்தல்' என்று நிகழ்ச்சி நிரலிலேயே சேர்த்துவிட்டார்கள், வரவேற்புப் பாட்டுக்கும் மரக்கன்று வழங்கலுக்கும் நடுவில். மனுவைக்கூட வாரியமே தட்டச்சு செய்து கொண்டுவந்துவிடும். அவள் கொடுக்க வேண்டும், தலைவர் சிரித்துக்கொண்டே வாங்க வேண்டும், எல்லோரும் கைதட்ட வேண்டும்.

அந்தத் திறந்த வாயைப் பற்றி வாரியத் தலைவர் வருடம் தவறாமல் பேசுவார். "அந்தத் தாயின் வாயைப் பாருங்கள்! அவள் பறவைகளை அழைக்கிறாள் என்கிறது ஓர் ஆய்வு. நீருக்குத் தாலாட்டுப் பாடுகிறாள் என்கிறது இன்னோர் ஆய்வு. நான் சொல்கிறேன், அவள் நம் எல்லோருக்கும் நன்றி சொல்கிறாள்!" அந்த வாயை ஆராய்ந்து ஒருவர் முனைவர் பட்டமே வாங்கிவிட்டார். வாய்க்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை. ஒரு தரம் அவளாகவே சொல்லப் போனபோது, "பேசாதீங்கம்மா, வாய் அசைஞ்சா படத்துக்குப் பொருந்தாது" என்று அடக்கிவிட்டார்கள்.

இப்படியே ஒரு தலைமுறை ஓடியது. பிறகு சாயப்பட்டறை மூடிக்கொண்டது. மூடியது வாரியமும் அல்ல, விழிப்புணர்வும் அல்ல. முதலாளி செத்ததும் அவருடைய மகன்கள் பாகத்துக்கு அடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள், பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. இரண்டு மழைக்காலம் நன்றாகப் பெய்தது. போன விழாவரை தேங்கிக்கிடந்த பழைய அழுக்கும் கடைசியில் வெள்ளத்தோடு, உபரிநீர் வழியும் கலுங்கு ஏறி வெளியே போனது. குழாய் துருப்பிடித்து ஒடிந்து விழுந்தது. ஒருநாள் காலையில் முத்துமீனா கண்மாய்க்குள் காலை வைத்துப் பார்த்தாள். தன் கால் விரல்கள் தெரிந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் புருஷன் மொக்கைச்சாமிக்கு மடைக்குக் கீழே அரை ஏக்கர் இருந்தது. அவனுடைய அப்பனும் பாட்டனும் ஊரான் வயலில் உழைத்தே மாய்ந்தவர்கள். திருநகரில் வீடு கட்டும் வேலைக்குப் போய்ச் சேர்த்ததில் அவன் இந்த நிலத்தை வாங்கியிருந்தான். சாயத்தண்ணீர் பாய்ந்து செத்த நிலம் என்பதால்தான் அது அவன் கைக்கு வந்தது. நல்ல நிலமாக இருந்தால் அவனுக்கு யார் கொடுக்கப்போகிறார்கள். இந்த வருடம் அவன் மண்ணைக் கிண்டி முகர்ந்து பார்த்தான். தேங்கிய மழைத்தண்ணீரில் உழுது சேறாக்கித் தொழி அடித்தான். தன் சொந்த மண்ணில் தன் கையால் நெல் விதை தெளித்தான். அவன் வம்சத்தில் அதைச் செய்த முதல் ஆள் அவன்தான். நாற்று முளைத்து விரல் உயரம் நின்றது. சாயம் ஒரு தரம் உள்ளே புகுந்தால் நாற்று மட்டுமல்ல, மண்ணும் மறுபடி செத்துப்போகும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சாயம் எங்கிருந்து வரப்போகிறது? பட்டறைதான் பூட்டிக்கிடக்கிறதே.

அந்த நேரத்தில்தான் கண்மாய் தினத்தின் வெள்ளி விழா வந்தது. ஏற்பாடு பார்க்க மண்டல அலுவலர் ஜெய்சன் வந்தார். இளவயது, வேலையில் சுத்தம், வாய்நிறைய மரியாதை. கரையில் ஏறிக் கண்மாயைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா இது, தண்ணி இப்படிக் கெடக்கு?"

"எப்படிக் கெடக்கு சார்?"

"தெளிவால்ல கெடக்கு! எப்பருந்து இப்படி? எங்களுக்குத் தகவல் சொல்லிருக்கணும்ல?"

முத்துமீனாவுக்கு விளங்கவில்லை. "நல்ல சேதிதான சார்? கொக்கெல்லாம் வந்துருச்சு பாருங்க" என்றாள்.

ஜெய்சன் கையிலிருந்த நினைவோவியப் பிரதியைப் பார்த்தார், கண்மாயைப் பார்த்தார். "படத்துல கொக்கு இல்லையேம்மா" என்றார்.

தல்லாகுளத்தில் அவசரக் கூட்டம் கூடியது. ஓவியர் என்ற முறையில் ஞானசீலனையும் அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றுத் திருநகரில் இருந்த அவர், கூட்டம் முடிந்த கையோடு ஸ்கூட்டரை நேரே இரட்டைமடைக்கு விட்டார். முத்துமீனாவிடமும் மொக்கைச்சாமியிடமும் நடந்ததைச் சொன்னார்.

"நான் சொன்னேம்மா. படத்தை மாத்திக்கிருவோம், தெளிஞ்ச தண்ணி, கொக்கு, நாத்துன்னு புதுசா வரைஞ்சு தாரேன், காசுகூட வேணாம்னு சொன்னேன். ஓவியம் வாரியத்தோட சொத்து, வரைஞ்சவருக்கு அதுல கருத்துச் சொல்ல உரிமை இல்லைன்னுட்டாங்க. தலைவர் எந்திரிச்சு என்ன சொன்னார் தெரியுமா? 'தண்ணீர் தெளிந்துவிட்டால் நாம் எதைப் பற்றி விழிப்புணர்வு ஊட்டுவது? மக்கள் தூங்கிப்போய்விட மாட்டார்களா? அசுத்தம் இருக்கும்வரைதான் நமக்கு இலட்சியம் இருக்கும்' அப்படிங்கிறார். எல்லாரும் கை தட்டுறாங்க."

"அதுக்கு என்னய்யா செய்யப்போறாகளாம்?" என்று கேட்டான் மொக்கைச்சாமி.

"படத்துல உள்ளபடி ஆக்கப்போறாங்களாம்."

மறுநாளே வேலை தொடங்கியது. ஒடிந்த இடத்தில் புதுக்குழாய் வந்து இறங்கியது. புதுக்குழாய் புதிதாக இருந்ததே ஒரு குறையாகிப்போனதால், சினிமாவுக்கு செட் போடுகிறவர்களைக் கூட்டிவந்து துருவை வர்ணத்தில் தீட்டினார்கள். தெர்மோகோலில் செத்த மீன்கள் செய்து மிதக்கவிட்டார்கள். கொக்குகளை வெடி போட்டு விரட்டினார்கள். அவை சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து இறங்கின. கடைசியில் இரண்டு ஊழியர்களுக்குக் கொக்கு விரட்டுவதையே அலுவல் ஆக்கினார்கள். மதுரையிலிருந்து வந்த அழகுநிலையப் பெண் முத்துமீனாவின் நரையைக் கறுப்பாக்கி, கன்னக் குழியில் எதையோ அப்பி, "படத்துல இம்புட்டு வயசு இல்லைக்கா" என்று வருத்தப்பட்டாள்.

தண்ணீர்தான் சண்டித்தனம் செய்தது. ஜெய்சன் படித்தவர். கண்மாயில் ரசாயனத்தைக் கொட்டுவது தவறு என்று அவருக்குத் தெரியும். எனவே அவுரியையும் கடுக்காயையும் அரைத்து இயற்கைச் சாயம் கரைத்துக் குழாயில் விட்டுப் பார்த்தார். நிறம் வந்தது, நுரை வரவில்லை. பூந்திக்கொட்டையை ஊற வைத்துக் கலக்கினார்கள். நுரை வந்தது. ஆனால் வெள்ளையாக வந்தது. படத்தில் நுரை பழுப்பு.

விழாவுக்கு முந்தின நாள் ஜெய்சன் முத்துமீனாவின் வீட்டுக்கு வந்து கீழே உட்கார்ந்து காப்பி குடித்தார்.

"இந்த ஒரு தடவை மட்டும் வந்து நின்னுருங்கம்மா. விழா முடிஞ்சதும் குழாயைப் புடுங்கி மியூசியத்துல வச்சிருவோம். தலைவரே மேடையில அறிவிக்கப்போறார்."

"தண்ணியில என்ன கலக்குவீக?" என்றான் மொக்கைச்சாமி. "நாத்துக்கு நாளைக்குத் தண்ணி கட்டணும். விட்டாக் காஞ்சுபோகும். மடையைத் தெறந்து வைக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"தெறங்கண்ணே, தாராளமாத் தெறங்க. அத்தனையும் மூலிகை. நாத்துக்கு உரம் மாதிரி" என்றார் ஜெய்சன். சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. பொய் அன்று இரவு தலைவரின் தொலைபேசி வழியாகத்தான் வந்தது.

மறுநாள் கரை முழுக்கப் பந்தல். பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். முத்துமீனா வட்டத்துக்குள் நின்றாள். குழாய்க்கும் மடைக்கும் கூப்பிடு தூரம்தான். மடைக்கு அந்தப் பக்கம் நாற்றங்காலில் மொக்கைச்சாமி மண்வெட்டியோடு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. தண்ணீர் பாத்தியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அப்படி நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது.

தலைவர் பேசத் தொடங்கினார். "இந்தக் குழாய் வெறும் குழாய் அல்ல. இது நமது மனசாட்சி! மனசாட்சி ஒருநாளும் வறண்டுவிடக் கூடாது!"

அவர் கையைத் தூக்கியதும் மேல்கரையில் மறைத்து நிறுத்தியிருந்த டேங்கர் லாரி குழாய்க்குள் திறந்துவிடப்பட்டது. வெளியூர்ப் பட்டறை ஒன்றிலிருந்து இரவோடு இரவாக வரவழைத்த அசல் கழிவு. குழாய் வாயில் பழுப்பு நுரை பொங்கியது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. லாரி ஓட்டுநருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தி, 'கண்மாய்த் தோழன்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

முத்துமீனாவுக்கு முதலில் வாடை அடித்தது. இருபது வருடத்துக்கு மேல் மூக்கில் குடியிருந்த வாடை, அவளுக்கா தெரியாது?

"சார், இது மூலிகை இல்ல சார்" என்றாள்.

"அசையாதீங்கம்மா, டிரோன் எடுத்துக்கிட்டிருக்கு" என்றார் பக்கத்தில் நின்ற ஜெய்சன். அவர் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மடை தெறந்து கெடக்கு சார்!"

"ரெண்டே நிமிஷம்மா."

மொக்கைச்சாமிக்கும் வாடை எட்டியிருந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையேறி ஓடி வருவதை அவள் பார்த்தாள். மடையின் பலகை, வருடக்கணக்காய் யாரும் தொடாமல் இறுகிக்கிடந்தது. காலையில் திறக்கவே கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியிருந்தது. மேலே நின்று அழுத்தி மூட முடியாது. உள்ளே இறங்கினால்தான் உண்டு. அவன் கண்மாய்ப் பக்கம் கிணறு மாதிரி இறங்கும் மடைத்தொட்டிக்குள் இறங்கினான். நுரை அவன் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது.

"ஏங்க, வேணாம்! ஏறி வாங்க! நாத்துப் போனாப் போகுது!"

அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். வட்டத்தைத் தாண்டும்போது யாரோ ஒரு ஊழியர் அவள் கையைப் பிடித்து இழுத்து, "குடம், குடம்" என்றார். அவள் உதறிவிட்டு ஓடினாள். ஒலிபெருக்கியில் தலைவர் இன்னும் மனசாட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அவனை நாலு பேர் சேர்ந்து தூக்கிப் போட்டபோது உயிர் இல்லை. கழிவின் காட்டம் தொட்டிக்குள் அடைந்து மூச்சை நிறுத்திவிட்டது என்றார்கள். பலகையைக் கட்டிப்பிடித்திருந்த கைகளைப் பிரிக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது. மடை மூடியிருந்தது. நாற்றங்காலுக்குள் ஒரு சொட்டுச் சாயம் போகவில்லை. முத்துமீனா அந்தப் பச்சைச் சேலையோடு மண்ணில் விழுந்து அழுதாள். அவள் அழுகையை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

வாரியம் அன்று சாயங்காலமே அறிக்கை வெளியிட்டது. 'விழாவின்போது அனுமதியின்றிக் காட்சிக்குள் நுழைந்த நபர் ஒருவர் உடல்நலக் குறைவால் காலமானார். நினைவோவியத்தில் ஆண் எவரும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.' அதோடு ஒரு இரங்கலும் இருந்தது.

ஆனால் டிரோன் எடுத்த படம் வெளியே போய்விட்டது. நுரைக்கு நடுவில் ஒரு மனிதன் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் படம். ஊரெல்லாம் அதைப் பார்த்துக் கலங்கியது. தலைவரும் பார்த்துக் கலங்கினார். கலங்கியதோடு, தல்லாகுளத்தில் இன்னொரு கூட்டமும் போட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் ஜெய்சன் வந்தார். மியூசியத்துக்குப் போக வேண்டிய குழாய் இன்னும் கரையில்தான் இருந்தது. கூடவே ஞானசீலனையும் துக்கம் கேட்கப் போவோம் என்று ஜீப்பில் ஏற்றிவந்திருந்தார். ஞானசீலன் முத்துமீனாவின் முன்னால் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை ஜெய்சன் மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு ஒரு வரைபலகையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"அம்மா, தலைவர் உங்களுக்குப் பெரிய கௌரவம் செஞ்சிருக்கார். அண்ணன் இறந்த நாளை 'மடை காத்தோர் தினம்'னு வாரியம் அறிவிக்குது. இனிமே வருசா வருசம் கொண்டாடுவோம். அதுக்கொரு நினைவோவியம் வேணும். சார்தான் வரையணும்னு முடிவாயிருக்கு. அண்ணன் எப்படி இறங்குனார், கை எங்க இருந்துச்சு, நுரை எதுவரைக்கும் வந்துச்சுன்னு நீங்க சார்ட்ட சொல்லிட்டீங்கன்னா, அச்சு அசலா வந்துரும்."

முத்துமீனா வரைபலகையைப் பார்த்தாள். அவளுக்கு அந்த வாரியத்தை இத்தனை வருடமாகத் தெரியும்.

"படம் போட்டா, அதுல உள்ளபடி வருசா வருசம் நடத்தணும்ல சார்?"

"ஆமாம்மா. விதி அப்படித்தான்."

"அப்ப வருசத்துக்கு ஒருத்தரு அந்தத் தொட்டிக்குள்ள எறங்கிச் சாகணுமா?"

ஞானசீலன் நிமிர்ந்தார். ஜெய்சன் பதறவில்லை. இந்தச் சந்தேகம் கூட்டத்திலேயே வந்து, பேசி முடித்திருப்பார்கள் போலிருக்கிறது. குரலை இறக்கி, துக்க வீட்டுக்கு உரிய கனிவோடு சொன்னார்.

"உங்க வீட்ல இருந்துதான்னு கட்டாயம் இல்லம்மா. சுழற்சி முறையில வச்சுக்கிடலாம். ஆளைக் கிராம சபையே தேர்வு செஞ்சு குடுத்துட்டா எங்களுக்கும் வசதி."

ஞானசீலன் வரைபலகையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் செருப்பைத் தேடி வாசலுக்கு வந்தபோது, உள்ளே முத்துமீனா பரணில் ஏறிச் சாமான்களை உருட்டிக்கொண்டிருந்தாள். என்னம்மா தேடுறீங்க என்று ஜெய்சன் கேட்டார்.

"கடப்பாரை" என்றாள்.